சின்னத்தாய் பேரில் வேலை பார்த்தவள்

இருபத்தெட்டு வருடம் முனீஸ்வரி இரண்டு பேரோடு வாழ்ந்தாள். வீட்டில் முனீஸ்வரி, மில்லுக்குள் சின்னத்தாய். மில் பஸ்ஸில் யாராவது முனீஸ்வரி என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். அவ்வளவு பழக்கம்.

சின்னத்தாய் என்பது அவளுடைய கூடப்பிறந்த அக்கா. விளாங்குடி தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் சின்ன மில், பெரிய மில் என்று இரண்டு நூல் மில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தொண்ணூற்றாறில் சின்ன மில்லில் எட்டாவது முடித்த பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அக்கா எட்டாவது பாஸ். முனீஸ்வரி மூன்றாவதோடு ஆடு மேய்க்கப் போனவள். அக்காவை வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த அதே வாரத்தில், திருவாதவூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கோடு வந்து இறங்கினார்கள். மருமகளை மில்லுக்கு அனுப்புகிற பழக்கம் எங்களுக்கு இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

அப்பன் சோணைக்கு இரண்டையும் விட மனசில்லை. மூத்தவளுக்குக் கல்யாணம், மூத்தவள் பேரில் இளையவளுக்கு வேலை என்று முடித்துவிட்டார். "ரெண்டும் ஒரு வயித்துல பொறந்ததுதான? மில்லுக்காரன் என்ன பொண்ணு பாக்கவா வாரான்?" என்று கேட்டார். பெரிய மந்திரி யோசனைதான், போங்கள்!

அநியாயத்துக்கு அது பலிக்கவும் செய்தது. சின்ன மில்லில் இது அதிசயமும் இல்லை. அத்தை பேரில் மருமகள், செத்துப்போனவள் பேரில் தங்கச்சி என்று இன்னும் நாலு பேர் இருந்தார்கள். மேனேஜருக்கும் தெரியும். அறுந்த இழையைக் கண் இமைக்கும் நேரத்தில் ஒட்டுகிற கை அவருக்கு வேண்டும், பேர் எதுவாக இருந்தால் என்ன? ஆதார் கேட்ட காலத்தில் அக்காவின் ஆதாரை நகலெடுத்துக் கொடுத்தாள். வாங்கி ஃபைலில் போட்டுக்கொண்டார்.

போன தை மாதம் பெரிய மில் சின்ன மில்லை வாங்கியது. நடுவில் இருந்த சுவரை இடித்து ஒரே கம்பெனி ஆக்கினார்கள். யானை வாயில் போன கரும்பு திரும்புமா? முதலில் மேனேஜரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய மில்லிலிருந்து வந்த புது ஆபீசர்களுக்குச் சின்ன மில்லில் ஒரு முகமும் தெரியாது. பங்குனியில் போர்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். எல்லோரும் வந்து மிஷினில் விரல் வைக்க வேண்டும், ஆதாரோடு ரேகை பொருந்தாதவர்களுக்கு வேலை இல்லை.

அதைப் படித்துச் சொன்னவள் கூட வேலை பார்க்கும் பாண்டீஸ்வரி. இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள் முனீஸ்வரி. புருஷன் தவசி கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தான். மகள் தமிழ்வாணி நர்சிங் இரண்டாம் வருடம். இவள் மில்லுக்குப் போனால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஆபீசர் முத்துக்குமரனிடம் போனாள். மகன் வயசுதான் இருக்கும் அவனுக்கு.

"தம்பி, ஒருத்தி பேருல இன்னொருத்தி வேல பாத்திருந்தா என்ன செய்வீக?"

"அதுக்குப் பேரு ஆள்மாறாட்டம்மா. போலீஸ்ல குடுத்துருவோம். ஏன், யாரு?"

"சும்மா கேட்டேன் தம்பி."

பாண்டீஸ்வரிதான் வழி சொன்னாள். "ஒங்கக்காளக் கூட்டியாந்து ஒரு தடவ வெரல வைக்கச் சொல்லு. பொறவு நீ பாட்டுக்கு வேலயப் பாரு. எவன் மூஞ்சியப் பாக்கப்போறான்?"

முனீஸ்வரி திருவாதவூருக்குப் பஸ் ஏறினாள். அக்கா களையெடுத்துவிட்டு அப்போதுதான் வந்து, காலில் சேறு காயாமல் உட்கார்ந்திருந்தாள். புருஷன் குடித்துக் குடித்துச் செத்து ஆறு வருடம். நூறுநாள் வேலையும் களையெடுப்பும்தான் கஞ்சி ஊற்றின.

"ஒரே ஒரு நாளைக்குக்கா. ஒரு வெரலு. அம்புட்டுத்தேன்."

அக்கா சேற்றைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "அந்த மில்லுக் கடுதாசிய மூணு நாளு தலகாணிக்கடியில வச்சிப் படுத்திருந்தேன். ஒனக்குத் தெரியுமாடி?"

"தெரியாதுக்கா."

"எப்புடித் தெரியும்? எவ கேட்டா?"

இருந்தாலும் வந்தாள். பஸ்ஸில் வரும்போதே எந்த செக்‌ஷன், எந்த ஷிஃப்ட், எத்தனை வருடம் என்று எல்லாவற்றையும் முனீஸ்வரி சொல்லிக்கொடுத்தாள். எட்டாவது பாஸ் மூளை, ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டது. தங்கச்சியின் மில் யூனிஃபார்ம் கோட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். முனீஸ்வரி எதிர்ச்சாரி டீக்கடையில் நின்று தெரிந்த சாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா வெளியே வந்தாள். முகத்தில் முனீஸ்வரி என்றும் பார்த்திராத ஒரு தெளிச்சி.

"பச்ச லைட்டு எரிஞ்சிருச்சு. நாளைக்கி ஆறு மணி ஷிஃப்ட்டுன்டாக."

"அப்பாடா! நீ ஊருக்குப் போக்கா. நாளைக்கி நான் போயிக்கிறேன்."

"நீ எப்புடிப் போவ? தெனமும் வெரல வச்சாத்தேன் கேட்டு தொறக்குமாம். ஒரு வெரலுக்கு ஒரு ஆளுத்தேன் உள்ள போக முடியும்."

ஒரு தடவை என்றுதானே நினைத்திருந்தார்கள்! "அய்யோ, இப்ப என்னக்கா செய்ய?"

"நான் போறேன்."

"எங்க?"

"உள்ளதேன். புது மிசினாம். எல்லாருக்கும் ரெண்டு வாரம் பழக்கிவிடுறாகளாம். நானும் பழகிக்கிறேன்."

"அக்கா! அது என் வேலக்கா!"

"பேரு யாருது? கடுதாசி யாருக்கு வந்துச்சு? இருபத்தெட்டு வருசம் நீ பாத்துட்ட. மிச்சத்த நான் பாக்குறேன். களையெடுத்தே நான் சாகணுமா? ஒன்னையப் பட்டினி போட்டுற மாட்டேன், மாசாமாசம் அரிசி வாங்கித் தாரேன்."

அந்தக் கடைசிப் பேச்சுதான் முனீஸ்வரியின் நெஞ்சில் நெருப்பாக விழுந்தது. ஆபீசை நோக்கி ஓடினாள். பாண்டீஸ்வரி குறுக்கே வந்து கையைப் பிடித்து நிறுத்தினாள். "வாயத் தொறந்த, மொதல்ல நீதேன் ஜெயிலுக்குப் போவ. அத்த பேருல பாத்தவ, செத்தவ பேருல பாத்தவ, வெரலு வைக்காமச் சத்தமில்லாம நின்னுட்ட அம்புட்டுப் பேரையும் தோண்டி எடுப்பான். நாலு குடும்பத்துப் பாவம் ஒனக்கு வேணாம்டி." முனீஸ்வரி நடு ரோட்டில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே அவள் மில் வாசலுக்கு வந்துவிட்டாள். கூடப்பிறந்தவள் என்றும் பார்க்காமல் மண்ணை வாரித் தூற்றி, நீ விளங்குவியா என்று கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்ற ஒரே முடிவோடு வந்தாள். ரோட்டோரத்துப் புழுதியைக் கை நிறைய அள்ளி வைத்துக்கொண்டு கேட் கம்பி ஓரமாக நின்றாள்.

அக்கா வந்தாள். விரலை வைத்தாள். கேட் திறந்தது. உள்ளே நடந்தவளை முனீஸ்வரி பின்னாலிருந்து பார்த்தாள். கோட்டுக்குப் பட்டன் போடவில்லை. முந்தானை ஒரு பக்கம் தொங்கியது, சடை முதுகில் ஆடியது. மூன்று வருடத்துக்கு முன்னால் இப்படிச் சடை போட்டு வந்த ஒருத்தியை மிஷின் பிடித்திழுத்ததை முனீஸ்வரி கண்ணால் பார்த்தவள். தலைத்தோல் தனியாக வந்துவிட்டது.

"அக்கா! ஏ அக்கா! முந்தானைய இழுத்துச் சொருகு! சடையத் தூக்கிக் கொண்ட போடு! பட்டனப் போடுக்கா!" கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கையிலிருந்த மண் அவள் காலிலேயே கொட்டியது. "நூலு அறுந்தா மிசினு நிக்கிறதுக்கு முன்னாடி கைய விட்றாத! சேப்புப் பட்டன அமுக்கு, மொதல்ல சேப்புப் பட்டன்!"

அக்கா நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே சடையைச் சுருட்டிக் கொண்டை போட்டாள். முந்தானையைச் சொருகினாள். பிறகு மற்றப் பெண்களோடு உள்ளே போய்விட்டாள்.

புது வாட்ச்மேன் ஓடிவந்தான். "ஏம்மா, யாரு நீ? இங்க நின்னு சத்தம் போடுற?"

முனீஸ்வரி கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"சின்னத்தாயோட தங்கச்சி" என்றாள்.