கருந்தலையா, பழுப்புத் தலையா?

காலை ஆறு மணிக்கு மாட்டுங்காவிலிருந்து வாடகைக் காரில் புறப்பட்டேன். செம்பூரில் நண்பர் விசுவநாதன் வாயிலிலேயே காத்திருந்தார். அடுத்த வாரம் வீட்டைக் காலிசெய்து, கோவையிலுள்ள மகளிடம் செல்கிறார். ஐரோலி உப்பங்கழிக்கு அவர் வருவது இதுவே கடைசி முறை.

சென்ற குளிர்காலத்தில் அங்கே கருந்தலை மீன்கொத்தியைக் கண்டதாக அவர் சொன்னார். மாட்டுங்காவின் மின்கம்பிகளில் அன்றாடம் அமரும் வெண்மார்பு மீன்கொத்தியே அது என்று, நண்பர்கள் கூடும் எங்கள் மாலைக் குழுவில் அனைவர் முன்னும் மறுத்தேன். இரண்டுக்கும் சிவந்த அலகு, நீல முதுகு, வெண்கழுத்து. தலைதான் வேறு: ஒன்றுக்குப் பழுப்பு, மற்றதற்குக் கருமை. அன்றுமுதல் அவர் எதைக் கூறினாலும், "பறவை பாத்த கண்ணாச்சே!" என்று நண்பர்கள் நகைத்தனர்.

"இன்னிக்குக் காட்டாம ஊருக்குப் போகமாட்டேன், கேட்டீரா ஓய்!" என்றபடி வண்டியில் ஏறினார்.

"காட்டும். ஒத்துக்கறேன்."

விக்ரோலியைக் கடந்து, முலுண்டுப் பாலத்தின் வழியே ஐரோலியை அடைந்தோம். கழியில் ஓதநீர் ஏறியிருந்தது. நாங்கள் ஏறிய படகு அலையாத்திக் காட்டின் ஓரமாகச் சென்றது. நட்டுவைத்த ஒரு கழியின்மேல் மீன்கொத்தி. அதன் பின்னே இளஞ்சூரியன். தலை கன்னங்கரேலெனத் தெரிந்தது.

"பாத்தீரா! பக்கா கருப்பு!" என்று என் தோளை உலுக்கினார். தோல்வியை ஒப்புக்கொள்ள நான் வாய் திறக்கையில் படகு வளைந்தது. பறவையின் முகத்தில் வெயில் விழுந்தது. பழுப்பு.

"போன வருஷமும் இப்படித்தான் ஏமாந்தேனோ?" என்று முனகி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போது நிழலிலிருந்து மற்றொன்று வந்து தாழ்ந்த கிளையில் அமர்ந்தது. வெயில் முழுமையாக அதன்மேல். கரிய தலை, கழுத்தைச் சுற்றி வெண்பட்டை, செம்மஞ்சள் வயிறு, ஊதா கலந்த முதுகு.

"விசு, திரும்பும்!"

அவர் கண்ணாடியை மாட்டுமுன் அது பறந்தது. சிறகின் வெள்ளைத் திட்டை மட்டுமே கண்டார். அதுவோ இரண்டுக்கும் பொது.

"கருப்புதான்," என்றேன்.

"ஊரைவிட்டுப் போறவன்னு சமாதானம் சொல்றீரா?"

"நான் சமாதானம் சொல்ற ஆளா?"

அவர் சிரித்துவிட்டார். "இல்லை ஓய். அது எனக்கு நன்னாத் தெரியும்."

திரும்பி மாட்டுங்காவில் இறங்கியபோது, கம்பியில் வழக்கமான வெண்மார்பு மீன்கொத்தி அமர்ந்திருந்தது. வெயில் எப்பக்கம் என்று பார்த்த பிறகே தலையைப் பார்த்தேன்.

மாலைக் குழுவில் நான் கண்டதை உரைத்தேன். "இப்போ ரெண்டு பேருக்கும் அதே கண்ணா!" என்று நகைத்தனர். விசுவநாதன் நகைக்கவில்லை.

"அவர் பாத்தார்," என்றார், தாம் காணாத பறவைக்குச் சாட்சியாக.