உப்பள முதலாளியின் கார் கண்ணாடி

"ஈரக்காத்து அடிச்சா கண்ணாடி வேர்க்கத்தாம்மா வேர்க்கும். அதுக்குப் போயி பேய்னு சொல்றியே, நீயெல்லாம் டிப்ளமோ படிச்ச பொண்ணு" என்று எங்கள் சர்வீஸ் சென்டர் மேனேஜர் சிரித்தார். பேய் என்று நான் சொல்லவேயில்லை, நடந்ததை மட்டும்தான் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமந்து படிக்க வைத்தாள். எலக்ட்ரிக் கார் பழுது பார்ப்பது என் வேலை. பழுது என்றால் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், வேறு சாமி எனக்கில்லை.

கார்த்திகை மாதம், விடாத மழை. உப்பள முதலாளி ஏகாம்பரத்தின் காரில் டிஃப்ராஸ்டர் வேலை செய்யவில்லை, முன்கண்ணாடியில் மூட்டம் படிந்தால் கலையவே இல்லை என்று புகார் வந்து, போன வாரம் ஒரு நாள் காலையில் அவருடைய உப்புக் கிடங்குக்குப் போனேன்.

"வாம்மா. உங்கம்மா என் உப்ப தலையில தூக்குனா. நீ என் கார் கண்ணாடிய தொடைக்க வந்துட்ட. முன்னேத்தம்தான், இல்லடா பாஷா?"

டிரைவர் பாஷா பாய் சிரிக்கவில்லை. பக்கத்துக் கூனிமேட்டுக்காரர், என் அப்பா வயது. போன மாதம் இந்தக் கார்தான் அஞ்சலை அக்காவை அடித்தது. அம்மாவோடு உப்பு வாரியவள், மழைக்கு முன்னால் உப்புக் குவியலைக் கீற்றுப் போட்டு மூட விடியற்காலையில் நடந்து போனவள். வண்டியை ஓட்டியது தான்தான், மூட்டம் கண்ணாடியை மறைத்துவிட்டது, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்று பாஷா பாய் ஸ்டேஷனில் சொல்லியிருந்தார். முதலாளி அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாராம்.

ஏகாம்பரம் நேராக விஷயத்துக்கு வந்தார். "டிஃப்ராஸ்டர் வீக்குன்னு எழுதிக் குடுத்துடு. வண்டி கோளாறுன்னா இவனுக்கு கேஸ் லேசாயிடும். நல்லா இருக்குன்னு எழுதுனா உள்ள போயிடுவான். உன் இஷ்டம்."

பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். பேட்டரியை மிச்சம் பிடிக்கிற ஈகோ மோடில் ஹீட்டருக்கு வரும் பவர் குறையும், அதை எடுத்தேன். உள்காற்றே சுற்றிக்கொண்டிருந்ததை வெளிக்காற்றுக்கு மாற்றினேன். ஃபில்டரில் உப்புத்தூள் அடைத்திருந்தது, புதுசு போட்டேன். டிக்கியில் ஒரு மூட்டை புது உப்பு. புது உப்பு மழைநாளில் நீர் விடும், காருக்குள் ஈரம் ஏற அது போதும், எந்தப் புத்தகத்திலும் இது இல்லை, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதையும் இறக்க வைத்தேன். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால் ஹீட்டர் முழு பவர் எடுக்கிறது, கண்ணாடிக்குக் கீழே கை வைத்தால் சுடுகிறது, கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது.

"சரியாயிடுச்சு சார்."

என்னை நகரச் சொல்லி அவரே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நான் பக்கத்து சீட்டில். கதவைச் சாத்தியதும் அவர் முகத்துக்கு நேரே கண்ணாடியில் ஒரு வெள்ளைத் திட்டு, உள்ளங்கை அகலம். துணியால் துடைத்தேன், துணி காய்ந்தே இருந்தது. அப்படியென்றால் மூட்டம் வெளிப்பக்கம். மழையில் இறங்கி வெளியே துடைத்தேன், போயிற்று, கையை எடுப்பதற்குள் வந்துவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. மற்றதையெல்லாம் அப்படியே விட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்ற வேறெதுவும் மிச்சமில்லை, அதனால் ஆளை மாற்றினேன். பாஷா பாய் உட்கார்ந்தார், கண்ணாடி சுத்தம். நான் உட்கார்ந்தேன், சுத்தம். ஏகாம்பரம் உட்கார்ந்தார், திட்டு வந்தது.

இந்த முறை துடைக்காமல் பார்த்தேன். திட்டு விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. சின்ன வயதில் பஸ் ஜன்னலில் வாயை வைத்து ஊதியிருக்கிறீர்களா, அப்படித்தான். வெளியே யாருமில்லை, மழையும் தண்ணீர் நிற்கிற உப்புப் பாத்திகளும்தான். போகப்போகத் திட்டு சின்னதானது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டது.

ஏகாம்பரம் செல்போனைப் பார்த்தபடியே சொன்னார்: "பொறும்மா. அன்னைக்கும் இப்டித்தான் இழுத்துக்கினு கெடந்துச்சு. இப்ப நின்னுடும்."

நின்றது. அவர் வைப்பரைப் போட்டார்.

"என்னைக்கு சார்?"

தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார், பிறகு சிரித்தார். "என்னைக்கா? மழ பேயற அன்னைக்கெல்லாந்தான்."

அவர் கிடங்குக்குள் போனதும் பாஷா பாய் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அன்னைக்கு நான் வண்டியிலயே இல்லம்மா. இங்கதான் படுத்திருந்தேன், ஃபோன் போட்டாரு. போய்ப் பாத்தா அந்தம்மா பானட்டு மேல கெடக்குது, மூஞ்சி கண்ணாடில ஒட்டிக்கினு. இவரு உள்ள ஏசி போட்டுக்கினு உக்காந்திருக்காரு."

"உயிர் இருந்துச்சா பாய்?"

"நான் போறப்ப இல்ல. ஆனா கண்ணாடி ஈரமா இருந்துச்சும்மா."

"அப்புறம் ஏன் பழிய ஏத்துக்கினீங்க?"

"இருக்கற வீடு அவருது. பொண்ணு புள்ளத்தாச்சியா வந்திருக்குது. எங்க போவேன்?"

மாற்றியதையெல்லாம் குறித்துவிட்டு, டிஃப்ராஸ்டரில் எந்தக் குறையும் இல்லை என்றுதான் எழுதினேன். ஏகாம்பரம் வாங்கிப் படித்துவிட்டு, "பாவம், ஒரு குடும்பத்தையே முடிச்சிட்ட. படிப்பு இதுக்குத்தான் ஒதவுது" என்றார். பாஷா பாய் அங்கேயேதான் நின்றார்.

இன்னும் என்னை உறுத்துவது ஏகாம்பரத்தின் கைதான். திட்டு கடைசியாக விரிந்து அடங்குவதற்கு ஒரு கணம் முன்பே கை வைப்பர் பக்கம் போய்விட்டது. எப்போது நிற்கும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

கண்ணாடி மூச்சு விட்டது என்று சொன்னால் எந்த வக்கீலும் காதில் வாங்க மாட்டார், அதனால் அதைச் சொல்லவில்லை. பாஷா பாயின் மகள் முந்தாநாள் முதல் எங்கள் வீட்டில் இருக்கிறாள். இன்று காலை பாஷா பாயையும் அஞ்சலை அக்காவின் புருஷனையும் திண்டிவனத்துக்குக் கூட்டிப் போனேன். அன்னைக்கும் இப்டித்தான் இழுத்துக்கினு கெடந்துச்சு என்று ஏகாம்பரம் என்னிடம் சொன்ன வார்த்தையை ஓர் எழுத்து மாறாமல் வக்கீலிடம் சொல்லி, சாட்சிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.