காதரின் வலது கை

பக்கத்து வீட்டுப் பெண் சித்த மருத்துவம் படிக்கிறாள். நேற்று உறைமோர் வாங்க வந்தவள், "பாடத்திட்டமே சரியில்ல தாத்தா. நோயாளியப் பாக்க நேரமே குடுக்குறதில்ல" என்று அலுத்துக்கொண்டாள். அவள் பையிலிருந்து சுக்கு வாசனை வந்தது. அதோடு தோல் நாற்றமும் சேர்ந்தால்தான் எனக்கு வைத்தியப் படிப்பு.

ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியின் மாடியில் எங்கள் வைத்தியப் பள்ளி நடந்தது. கீழே தோல், மேலே சுக்கும் நாங்களும். மண்டிக்காரர் மகன் காதரும் எங்களோடு படித்தான். எவ்வளவு தின்றாலும் சதை பிடிக்காத உடம்பு. நாடி துல்லியமாகத் தட்டுப்படும். ஆசிரியர் நாற்காலியில் இருந்தபடியே நாடி சாஸ்திரப் பாட்டைச் சொல்ல, நாங்கள் மாறி மாறி அவன் வலது கையைப் பிடிப்போம்.

"இதுதாம்ப்பா நோயில்லாத நாடி. தெரியுதா?"

"தெரியுதுங்கய்யா." தெரியவில்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம்?

நோயில்லாதவன் கையை வைத்தியன் தொடக்கூடாது என்பது அவர் கொள்கை. நோயாளியை வைத்துப் பாடம் நடத்துவது பாவம் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே எங்களுக்கு மிஞ்சியது காதர்தான்.

அந்தப் படிப்பில் யாருக்கும் திருப்தியில்லை. காதருக்குத்தான் குறை அதிகம். "எம்புட்டு நாளைக்குய்யா என் கையவே பிடிப்பாக? ஒரு சீக்காளியக் கண்ணுல காட்டுங்க" என்று ஒருநாள் கேட்டேவிட்டான். நாங்களும் ஒத்து ஊதினோம். ஆசிரியர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு எங்களை பஸ்ஸில் எரியோட்டுக்குக் கூட்டிப் போனார்.

அங்கே ஒரு சம்சாரி, கால் வீங்கி, மூச்சு வாங்க, சுவரில் சாய்ந்திருந்தார். நெஞ்சு நோய், இனி தேறாது என்று பஸ்ஸிலேயே ஆசிரியர் சொல்லியிருந்தார். நான்தான் முதலில் நாடி பிடித்தேன். ஒழுங்காக ஓடிவந்து, ஒரு துடிப்பு தவறி, பிறகு அவசரமாக வந்து சேர்ந்தது. எனக்கு நன்றாகப் பழகிய நாடி. வாயைத் திறக்காமல் நகர்ந்துகொண்டேன்.

அடுத்து காதர் பிடித்தான். பிறகு தன் கையையே பிடித்துப் பார்த்தான்.

"அய்யா, எனக்கும் இப்படித்தான ஓடுது?"

அன்றுதான் ஆசிரியர் அவன் கையை முதன்முதலாகத் தொட்டார். வெகுநேரம் விடவில்லை.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தைக் கெடுத்திருக்கிறது என்றார்கள் மதுரை ஆஸ்பத்திரியில். அடுத்த நோன்பு வருமுன் காதர் இறந்துபோனான். ஆசிரியர் பள்ளியை மூடிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது; எப்போது தணிந்தது என்று தெரியவில்லை. மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

கிளம்பும்போது அந்தப் பெண், "என் நாடியப் பாருங்க தாத்தா" என்று கையை நீட்டினாள். தடங்கலில்லாமல் ஓடியது. நல்ல நாடி என்றுதான் சொன்னேன். விரல் மட்டும், தவற வேண்டிய அந்தத் துடிப்புக்காகக் காத்துக்கொண்டே இருந்தது.