முந்நூற்றுப் பன்னிரண்டு விலாசங்கள்

அந்தமான் தீவின் மாயாபந்தர் விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் செல்லத்துக்குப் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து, தீவில் ரப்பர் பால் எடுத்துப் பிழைத்த குடும்பம். வேலை ஒப்பந்த வேலைதான். பிடிவாதம் மட்டும் நிரந்தரம்.

அந்த வெள்ளிக்கிழமை, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் விதைப் பட்டியல் மாலை ஐந்துக்குள் சென்னைக் கம்பெனியின் மென்பொருளுக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் விதை இந்தக் கப்பலில் ஏறாது. அடுத்த கப்பல் வருவதற்குள் நடவுக்காலமே போய்விடும். காலையில் அனுப்பிய பட்டியலோ பிழை என்று திரும்பி வந்துவிட்டது.

வினை விலாசத்தில் இருந்தது. தீவில் யாருக்குக் கதவு எண் இருக்கிறது? "தண்ணி டேங்க் தாண்டி, முர்கி ஃபார்ம் எதிரே" என்றுதான் எழுதுவார்கள். அந்தப் பட்டியலிலோ ஒரு கமா வந்தால் அடுத்த கட்டம் தொடங்கிவிடும். விலாசம் நடுவில் உடைந்து, விதைக்கான கட்டத்தில் கோழிப்பண்ணை போய் உட்கார்ந்துகொண்டது. சென்னை மென்பொருள் என்ன செய்யும், பாவம்!

"அந்த கமாவெல்லாம் தூக்கிடும்மா, ஜல்தி!" என்றார் செயலாளர் கணபதி.

"விலாசத்தக் குழப்பினா மூட்ட யாரு வீட்டுக்குப் போகும் சார்? ஜனங்க சொன்னது சொன்னபடியே போகணும்."

ஒரு வாரமாக போனில் வீடியோ பார்த்து ஜேசன் (JSON) எழுதப் பழகியிருந்தாள் செல்லம். மென்பொருளும் மென்பொருளும் பேசிக்கொள்ள உதவும் வெறும் எழுத்துக் கோப்பு அது; சென்னை மென்பொருளும் அதை ஏற்கும். கப்பலில் ஏற்றும் பெட்டிபோல, ஒவ்வொரு தகவலும் தன் பெயர்ச்சீட்டோடு போகும். கம்ப்யூட்டர் பட்டியலில் இருந்ததை அப்படி மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினாள். முதல் ஆள் இப்படி வந்தார்:

{"பெயர்": "ஈஸ்வரன்", "விலாசம்": "தண்ணி டேங்க் தாண்டி, முர்கி ஃபார்ம் எதிரே", "விதை": "வெண்டை", "கிலோ": 2}

மேற்கோள் குறிக்குள் எத்தனை கமா இருந்தாலும் அது விலாசத்தின் சொந்த விஷயம். கிலோ வெறும் எண், அதற்கு மேற்கோள் வேண்டாம். இரண்டு வளைவுக் குறிகளுக்குள் ஓர் ஆள் முழுசாக அடக்கம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் சேர்ந்தும் ஒரு போட்டோ அளவுகூட இல்லை. மழையில் நொண்டிக்கொண்டிருந்த நெட்டிலும் கோப்பு ஒரே மூச்சில் போய்விட்டது.

மணி நாலு ஐம்பது. திரையில் பதில் வந்தது: பெற்றவை 312, ஏற்றவை 312, பிழை 0.

செல்லம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினாள். வெட்கமே படவில்லை, அப்படி ஒரு சந்தோஷம். கணபதியின் போன் அடித்தது. சென்னைக் கம்பெனியின் அஸ்வின்.

"சார், சூப்பரா அனுப்பியிருக்கீங்க! மத்த சங்கங்களும் இப்படியே அனுப்பணும். உங்க ப்ரோக்ராமர்கிட்ட கொஞ்சம் கொடுங்க."

கணபதி எழுந்து வந்து, இரண்டு கையாலும் போனைச் செல்லத்திடம் நீட்டினார்.

"சொல்லுங்க தம்பி," என்றாள் செல்லம். "ப்ரோக்ராமர்தான் பேசுறேன்."