வால் பிடித்த விசை

ஷார்ட்கட் என்றால்தான் அச்சகக்காரர்களுக்கு அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் பத்திரமாகக் கிடக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அச்சகத்தில் காகிதக் கட்டுச் சுமந்தவர். இன்று சொந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அடுத்தவர் புத்தகங்களுக்குப் பிழை திருத்திப் பக்கம் கட்டித் தருகிறார். அதுவும் எதில்? ஊரெல்லாம் மவுஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும் மென்பொருளிலா? இல்லை. நாம் எழுதிக் கொடுக்கிறபடி தன் குணத்தையே மாற்றிக்கொள்ளும் கணினி எழுத்துத் திருத்தி ஒன்றில். பட்டம் வாங்கியவர்களே பார்த்துப் பின்வாங்கிய சாமான் அது. ஆங்கில எழுத்தைப் படம் பார்ப்பதுபோல் பார்த்து, அடைப்புக்குறிக்கு அடைப்புக்குறி போட்டு, அதை வசக்கி வைத்திருந்தார் மனிதர்.

வசக்கியதிலும் ஒரு காரியத்தில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒரு பத்தியை மேலே ஏற்ற வேண்டுமென்றால் சுண்டுவிரலால் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்து, பிறகு அதை விட்டுவிட்டு இன்னோர் எழுத்து. ஒவ்வொரு படி ஏற்றவும் இதே கூத்து. அவர் என்ன செய்தார்? முதல் தடவை மட்டும் முழுசாக அடித்தால் போதும், பிறகு கடைசி எழுத்தைத் தட்டத் தட்டப் பத்தி ஏறிக்கொண்டே இருக்கும்படி எழுதி வைத்தார். எந்தக் கட்டளைக்கு இந்தச் சலுகை, எந்த எழுத்துக்கு எந்த வேலை, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம்.

"மாட்டை ஒரு தடவை கூப்பிடு. அப்புறம் வாலைப் புடிச்சாப் போதும், தானாப் போகும்," என்பார்.

கொஞ்ச காலமாகக் கை நடுங்குகிறது. "டான்ஸ் ஆடப் பழகுது," என்று மனைவியிடம் சிரித்துச் சமாளித்திருந்தார். அப்போதுதான் மாட்டு டாக்டரின் போன் வந்தது. ஆடு மாடு வளர்ப்பவர்களுக்காக டாக்டர் எழுதிய கைப்புத்தகத்தை இவர்தான் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்கய்யா இது? மாட்டுக்குப் போடற ஊசி அளவு ஆட்டுப் பாடத்துல வந்து நிக்குது!"

"எங்கங்க டாக்டர்?"

"வயித்து உப்புசத்துல. ஆட்டுக்கு வாலை அளந்து வச்சிருக்குன்னு சொல்வாங்க. நீங்க ஊசியை அளக்காம வச்சிட்டீங்களே! அச்சுக்குப் போயிருந்தா எத்தனை ஆடு செத்திருக்கும்?"

"நீங்க அனுப்பினதே அப்படித்தான்..."

"நான் அனுப்பினதைப் பார்த்துட்டுத்தான் பேசறேன். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. முடியலைன்னா சொல்லிடுங்க, தப்பா நினைக்க மாட்டேன். வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

திட்டியது உறைக்கவில்லை. தப்பா நினைக்க மாட்டேன் என்றாரே, அதுதான் சுருக்கென்று தைத்தது.

கோப்பைத் திறந்து, வேறொரு பத்தியை ஒரு படி மேலே ஏற்றிப் பார்த்தார். அவர் தட்டியது ஒரு தட்டு. கை மேலும் மூன்று தட்டித் தள்ளியது. பத்தி தலைப்பைத் தாண்டிப் பக்கத்துப் பாடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விசையைக் குறை சொல்ல வழியில்லை. நினைத்துத் தட்டியது எது, நடுங்கித் தட்டியது எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

விடுவாரா? ஒரே விசை சட்டென்று மறுபடி அழுந்தினால் கண்டுகொள்ளாதே என்று கணினிக்கு உத்தரவு போட்டார். பத்தி ஏறிய இடத்திலேயே நின்றது. "வந்தியா வழிக்கு!" என்று சொல்லி, ஊசி அளவு வரியைப் புதிதாக அடித்துப் பார்த்தார். கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த மனைவி திரையை உற்றுப் படித்தாள்.

"இதென்னங்க, 'பது மிலி கொடுகவும்'?"

அவர் அடித்தது பத்து மில்லி. இரட்டிக்கும் எழுத்துக்கு அதே விசையை இரண்டு முறை தட்ட வேண்டும். இரண்டாவதை நடுக்கமென்று நினைத்துக் கணினி விழுங்கிவிட்டது. இரண்டு தட்டுக்கு நடுவே வைத்த நேரத்தைக் குறைத்தால் நடுக்கம் உள்ளே நுழைந்தது. கூட்டினால் தமிழ் வெளியே போனது.

"என் தம்பிக்கு ஒரு போன் போடட்டுமா?"

"உன் தம்பிக்கு அடைப்புக்குறி எந்தப் பக்கம் வளையும்னே தெரியாது."

"சரி, கையையாவது டாக்டர்கிட்ட காட்டலாமில்ல?"

"எந்த டாக்டர்? மாட்டு டாக்டரா?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கணினிக்குப் போட்ட உத்தரவை எடுத்துவிட்டார். பிறகு, ஆசையாக எழுதி வைத்த சலுகை வரிகளையும் ஒவ்வொன்றாகச் செல்லாமல் செய்தார். இனி ஒவ்வொரு தடவையும் முழுசாக அடித்தால்தான் பத்தி நகரும். ஆனால் சுண்டுவிரல் கன்ட்ரோல் விசைமேல் நிற்க மாட்டேன் என்று வழுக்கி வழுக்கி விழுந்தது. ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் வந்து இதைப் புடி."

"எதை?"

"ஓரத்துல இருக்கறதை. புடின்னா புடி, விடுன்னா விடு."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதைத்தானே பண்றேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பிடித்தாள், விட்டாள். ஊசி அளவு மாட்டுப் பாடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தது. ஆனால் சலுகை போய்விட்டதால், நடுங்கித் தட்டிய தட்டெல்லாம் இப்போது வெறும் எழுத்தாக அந்த வரிக்குள்ளேயே வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் யாரு எழுதினது?"

"நான்தான்."

அழிக்கும் விசைமேல் விரலைக் கொண்டுபோனார். ஒரு தட்டுத் தட்டினால் அது எத்தனை எழுத்தைத் தின்னும், ஊசி அளவையும் சேர்த்துத் தின்னுமா என்று அவருக்கே தெரியவில்லை. விரல் அந்தரத்திலேயே ஆடியது.

"நான் எடுக்கட்டுமா?"

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் ஒற்றை விரலால் தேடித் தேடி அழித்தாள்.

"இது போகணுமா?"

"போகணும்."

"இது?"

"அதுவும்."

"இந்த நம்பர்?"

"அது டாக்டரோடது. அதைத் தொட்டுடாதே."