க்ளோவிஸின் நூற்றுப்பத்துக் கூடுகள்

ஈடித் சுரெட்டின் படகில் பதினாலு வருஷமாக இறால் கூடு தூக்குகிறேன். மனிதர்களைச் சட்டென்று வியந்துவிடும் பழக்கம் எனக்கு இல்லை.

கணவர் கடலோடு போனபோது ஈடித்துக்கு நாற்பத்தெட்டு வயது. படகு விலைக்கு வரும் என்று துறை முழுக்கக் காத்திருந்தது. எட்டாம் நாள், கணவரின் ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொண்டு வந்து என்னை வேலைக்குக் கூப்பிட்டார். எல்லோரையும்விட ஏமாந்தவர் கணவரின் சித்தப்பா மகன் க்ளோவிஸ் அமிரோ. ஈடித்தின் கணவரும் தானும் கூடு போட்டுவந்த பாறைத்திட்டு இனி முழுக்கத் தனக்கு வரும் என்றிருந்தார். அடுத்த வசந்தத்தில் எங்கள் நாற்பது கூடுகளின் கயிறு அறுபட்டு மிதவைகள் போக, கூடுகள் கடலடியிலேயே தொலைந்தன. பார்த்தவர் யாருமில்லை, தெரியாதவரும் யாருமில்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. கோயிலில் அவர் இடப்பக்கம் உட்கார்ந்தால் இவர் வலப்பக்கம்.

இந்த மே மாதம், சீசன் முடிய நான்கு நாள் இருக்கையில் க்ளோவிஸுக்குப் பக்கவாதம் வந்தது. கெடுவுக்குள் கரையேறாத கூடு போனதுதான். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் தூக்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஆனால் உடையவர் வாயால் சொல்லாமல் அடுத்தவர் கூட்டை யாரும் தொடமாட்டோம். க்ளோவிஸ் ஒவ்வொரு படகுக்காரருக்கும் சொல்லி அனுப்பினார், ஈடித்தைத் தவிர. அவர்கள் முடிந்தவரை தூக்கினார்கள். பாறைத்திட்டில் நூற்றுப்பத்து மிஞ்சியது. அங்கே பாறைகளுக்கு நடுவே படகை நுழைக்கத் தெரிந்தவர் க்ளோவிஸை விட்டால் ஈடித் மட்டும்தான்.

கெடுவுக்கு முந்தின நாள் விடிந்ததும் அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். இரை மீன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த பக்கத்துப் படகு லியோ, “உன்னப் பாத்தா மிச்சப் பாதியும் விழுந்துடும், பாத்துப் போ” என்றான். ஈடித் வண்டியைக் கிளப்பினார், நானும் ஏறிக்கொண்டேன்.

கட்டிலருகே க்ளோவிஸின் மனைவி ரோசலி இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். க்ளோவிஸுக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கூரையைப் பார்த்தபடி குழறலாகச் சொன்னார்.

“அந்தக் கயித்த அறுத்தது நான்தான்.”

“தெரியும். அத இப்ப எதுக்கு எடுக்கற? தூக்கட்டுமா வேணாமா, அதச் சொல்லு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, “தூக்கு. வடக்குக் கடைசி வரிசை பாறைக்கு உள்பக்கம் கெடக்கு.”

“உள்பக்கமா? உனக்கு மூளை முந்தியே கெட்டுப்போச்சு.”

க்ளோவிஸ் பாதி வாயால் சிரித்தார்.

அன்று முழுவதும், மறுநாள் பாதியும் தூக்கினோம். வடமேற்குக் காற்று விடவேயில்லை. கடைசி வரிசையில் படகின் அடி இரண்டு முறை பாறையில் உரசியது. ஈடித் சக்கரத்தைப் பிடித்தபடி மிதவைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கூடுகளில் கிடந்த இறாலைத் தனிப் பெட்டியில் போட்டு க்ளோவிஸின் பெயரை எழுதச் சொன்னார். நூற்றுப்பத்தையும் அவர் வீட்டு முற்றத்தில் வரிசையாக அடுக்கினோம். சாப்பிட்டுப் போகும்படி ரோசலி வாசலில் நின்று கெஞ்சினார். ஈடித் உள்ளே நுழையவில்லை.

துறைக்குத் திரும்பும்போது, மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

“யாரு, நானா? இன்னிக்கும் அவன் மூஞ்சியப் பாத்தா பத்திக்கிட்டு வருது.”

மனம் கனிந்த பிறகுதான் கை நீளும் என்று எத்தனையோ பக்கங்கள் படித்திருக்கிறேன். இவருக்கு மனம் கனியவே இல்லை. கை மட்டும் ஒன்றரை நாளாக நீண்டிருந்தது. இதை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கெடுவுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. எங்களுடைய கூடுகள் அறுபது இன்னும் கடலில் கிடந்தன.

“வேடிக்க பாத்தது போதும். படகுக் கயித்த அவுத்துவிடு” என்றார் ஈடித்.