சிபில் இடித்த மதில்

முற்றுகை நடந்த ஆறு மாதமும் சிபில் கல் சுமந்தாள். பிரான்சு மன்னரின் பீரங்கி மதிலில் ஓட்டை போட்டால், பெண்கள்தான் கூடை கூடையாகக் கல் கொண்டுபோய் அடைத்தார்கள். அவள் கணவன் எத்தியேன் வடக்கு வாசல் மேல் காவல் நின்றபோது குண்டு பட்டுச் செத்தான். அன்றைக்கும் அவள் கூடையை இறக்கவில்லை.

நானூறு வருஷமாகத் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுத்த ஊர் அது. பிரான்சு மன்னரே வந்தாலும், 'ஊர் உரிமையைக் காப்பேன்' என்று வாசலில் நின்று சத்தியம் செய்த பிறகுதான் கதவு திறக்கும். கோதுமை தீர்ந்து, கழுதைத் தோலையும் வேகவைத்துத் தின்று முடித்த நாளில் கதவு திறந்தது. யாரும் சத்தியம் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் ஊர்த்தலைவர் காஸ்தானியே சந்தைத் திடலில் அரசாணையைப் படித்தார். இனி தேர்தல் கிடையாது. தலைவரை மன்னரே நியமிப்பார். முதல் நியமனம் காஸ்தானியேதான். மதிலை ஊர்க்காரர்களே இடிக்க வேண்டும், வீட்டுக்கு ஒரு ஆள். 'சரணடையலாம்னு சொல்றவன் கழுத்த நானே அறுப்பேன்' என்று முற்றுகையின்போது கத்தியை உருவிக் காட்டியவரும் இவரே.

"எங்க வீட்டு ஆம்பள செத்துட்டாரு. நான் யார அனுப்ப?" என்றாள் சிபில்.

"நீயே வாம்மா. கல்லு சுமக்குறது உனக்குப் புதுசா?"

"ஐயாவோட கத்தி எங்கே காணோம்? அதையும் ராஜா காலடியில வச்சுட்டீங்களா?"

காஸ்தானியேயின் முகம் கறுத்தது. "வாய அடக்கு சிபில். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

"எனக்கு இல்ல. அதான் பேசுறேன்."

பேசினாளே தவிர, மறுநாள் கடப்பாரையோடு போய் நின்றாள். ஆள் வராத வீட்டில் சிப்பாய்களைக் குடிவைத்தார்கள்.

வடக்கு வாசலுக்கு வந்தபோது சுண்ணாம்பு காயாத கல் இடுக்குகள் தெரிந்தன. அவள் வைத்து அடைத்த கற்கள். அவை மட்டும் தொட்டவுடன் உதிர்ந்தன.

வண்டிகள் கல்லை ஊரை ஒட்டிய குன்றுக்கு ஏற்றின. "எதுக்குடா அங்க?" என்று பக்கத்து வீட்டுக் கயிறு திரிக்கும் பெரான்ஜேயைக் கேட்டாள்.

"கோட்டையாம்க்கா. நம்மள எதிரிகிட்டருந்து காப்பாத்தவாம்."

மறு வருஷம் கோட்டை முடிந்தது. எதிரி வரக்கூடிய பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு பீரங்கி; சந்தைத் திடலைப் பார்த்து எட்டு.

திறப்பு நாளில் எல்லோரையும் திடலில் நிறுத்தினார்கள். "மன்னர் வாழ்க!" என்றார் காஸ்தானியே. உதட்டை மட்டும் அசைக்கலாம் என்றுதான் சிபில் நினைத்திருந்தாள். சிப்பாய் ஒருவன் அவள் முகத்தையே பார்த்தான். குரல் தானாக வந்தது, பக்கத்தில் நின்ற எல்லோரையும்விடச் சத்தமாக.

வீட்டுக்கு வந்து மொச்சைக் கஞ்சியை வாயில் வைத்தாள். விழுங்க முடியாமல் துப்பினாள்.